மாணவர்களின் தகவல் பாதுகாப்பு விழிப்புணர்வு: எந்தத் தனிநபர்க் காரணிகளை ஆய்வில் சேர்க்க வேண்டும்?

முதுகலை ஆய்வு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழக மாணவர்களிடம் தகவல் பாதுகாப்பு விழிப்புணர்வு ஆளுக்கு ஆள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பதை என் முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே வகுப்பில் படிக்கும் இருவர், ஒரே வலையமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே எச்சரிக்கைச் சுற்றறிக்கை இருவருக்கும் வருகிறது. ஆனாலும் சந்தேகத்துக்குரிய மின்னஞ்சல் ஒன்று வந்ததும் ஒருவர் அனுப்புநரின் முகவரியைச் சரிபார்க்கிறார். மற்றவர் இணைப்பைச் சொடுக்கிக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்துவிடுகிறார். இந்த வேறுபாட்டுக்கு அவரவரின் இயல்பும் பின்னணியும் எவ்வளவு தூரம் காரணம் என்பதுதான் நான் விடை தேடும் கேள்வி.

விழிப்புணர்வை அளக்க, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உருவாக்கி 2014இல் வெளியிட்ட ஹெய்ஸ்-க்யூ என்னும் வினாப்பட்டியலைத் தழுவிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அதில் கடவுச்சொல் மேலாண்மை, மின்னஞ்சல், இணையம், சமூக ஊடகம், கையடக்கக் கருவிகள், தகவலைக் கையாளும் முறை, அசம்பாவிதங்களைத் தெரிவித்தல் என்று ஏழு பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு என்ன தெரியும், அதைப் பற்றி என்ன நினைக்கிறார், உண்மையில் என்ன செய்கிறார் என மூன்று அடுக்குகளில் கேட்கிறார்கள். மொத்தம் 63 கூற்றுகள். பணியாளர்களுக்காக எழுதப்பட்டது என்பதால், மேலாளர், நிறுவனக் கொள்கை போன்ற சொற்கள் வரும் இடங்களை மாணவர் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும்.

காரணிகள் பக்கத்தில் வயது, பாலினம், துறை, பயிலும் ஆண்டு, நாளொன்றுக்கு இணையத்தில் செலவிடும் நேரம், முன்பு பயிற்சி பெற்றிருக்கிறாரா என்பவற்றை எழுதி வைத்திருந்தேன். என் நெறியாளர் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு, "பாலினம் ஒரு காரணி என்று நீ நிறுவிவிட்டாலும், அதை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகம் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் தக்க பதில் இல்லாததால் இங்கே எழுதுகிறேன். எதை எடுக்கலாம், எதை விடலாம், எதை வேறு விதமாகக் கேட்கலாம் என்று சொல்லுங்கள்.

உளவியல் ஆய்வாளர்:

நல்ல தலைப்பு, உங்கள் நெறியாளரின் கேள்வியும் சரியான இடத்தில் கை வைக்கிறது. நீங்கள் எழுதியிருப்பவற்றில் பெரும்பாலானவை ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தே நிரப்பிவிடக்கூடிய விவரங்கள். அவை எளிதில் கிடைப்பதால்தான் ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றி அவை மிகக் குறைவாகவே சொல்லும்.

ஹெய்ஸ்-க்யூவை உருவாக்கிய குழுவினரே ஆஸ்திரேலியாவில் பணிபுரியும் 505 பேரிடம் நடத்திய ஆய்வை 2017இல் வெளியிட்டார்கள். வயதையும் பாலினத்தையும் ஆளுமைப் பண்புகளோடு சேர்த்து ஆராய்ந்தபோது, விழிப்புணர்வில் காணப்பட்ட வேறுபாட்டை விளக்கியவை பொறுப்புணர்வு, இணங்கிப்போகும் குணம், உணர்ச்சி நிலைத்தன்மை, அபாயம் ஏற்கும் நாட்டம் ஆகியவையே. வயதுக்கும் பாலினத்துக்கும் அந்த விளக்கத்தில் குறிப்பிடத்தக்க பங்கு கிடைக்கவில்லை. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் பணியாளர்கள், மாணவர்கள் அல்லர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் எந்தத் திசையில் தேடுவது என்பதற்கு அது நல்ல வழிகாட்டி.

பொறுப்புணர்வு ஏன் முன்னுக்கு வருகிறது என்பதைப் புரிந்துகொள்வது கடினமன்று. பாதுகாப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி சலிப்பூட்டும் சின்னச் சின்ன வேலைகள். மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு வந்தால் "பிறகு நினைவூட்டு" என்று ஒத்திப்போடாமல் இருப்பது, ஒவ்வொரு தளத்துக்கும் வேறு கடவுச்சொல் வைப்பது, ஆய்வகக் கணினியை விட்டு எழும்போது கணக்கிலிருந்து வெளியேறுவது ஆகிய எவற்றுக்கும் பெரிய அறிவு தேவையில்லை. தொடங்கியதை முடித்து வைக்கும் பழக்கம் இருந்தால் போதும்.

இணங்கிப்போகும் குணத்தை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். விதியை மதிப்பவர்கள் என்ற முறையில் இத்தகையவர்களின் மதிப்பெண் உயரும். அதே குணம், நண்பர் கேட்டவுடன் தன் கடவுச்சொல்லைச் சொல்லிவிடவும் வைக்கும். அலுவலகத்தில் முதல் பக்கம் அதிகம் தெரியலாம். மாணவர் விடுதியில் இரண்டாம் பக்கம் தெரியக்கூடும் என்பது என் ஊகம். ஏழு பகுதிகளின் மதிப்பெண்களையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் இந்த இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். பகுதிவாரியாகப் பாருங்கள்.

அபாய நாட்டத்தைப் பொறுத்தவரை, பொதுவான துணிச்சலைக் கேட்பதைவிடக் கணினி சார்ந்த துணிச்சலைக் கேட்பது நல்லது. மலையேறுவதற்கு அஞ்சாத ஒருவர், அறியாத செயலியை நிறுவ அஞ்சலாம். வண்டியை மெதுவாக ஓட்டும் ஒருவர், திருட்டு மென்பொருளைத் தயங்காமல் பதிவிறக்கலாம்.

உதவி மையப் பணியாளர்:

ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி உதவி மையத்தில் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறேன். கணக்கு பறிபோன மாணவர்கள் நேரே எங்களிடம்தான் வருவார்கள். மேலே ஆய்வாளர் சொன்ன ஆளுமைப் பண்புகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்து பார்க்கும்போது, ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதைவிட அந்த வேளையில் அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதே என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு மாணவியின் நிகழ்வைச் சொல்கிறேன். அன்று மாலைக்குள் அவர் ஆய்வறிக்கையைப் பதிவேற்ற வேண்டும். "உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, இரண்டு மணி நேரத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும்" என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. என்ன நடந்தது என்று கேட்டபோது, அனுப்புநரின் முகவரி ஏதோ சரியில்லாமல் இருந்ததைத் தான் கவனித்ததாகவும், முதலில் அறிக்கையை அனுப்பிவிட்டு அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்ததாகவும் சொன்னார். இவருக்கு அறிவு இல்லை என்று எப்படிச் சொல்வது? போலியின் அடையாளம் எது என்று வினாப்பட்டியலில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார். அவருக்கு வந்த மின்னஞ்சல் அறிவைச் சோதிக்கவே இல்லை. கணக்கு முடங்கினால் அறிக்கையை அனுப்ப முடியாதே என்ற பதற்றத்தைத்தான் பிடித்துக்கொண்டது.

பணத் தேவையும் ஒரு தனிநபர்க் காரணிதான். ஆய்வுகளில் அதற்கு உரிய இடம் தரப்படுவதில்லை என்பது என் ஆதங்கம். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பகுதிநேர வேலை, உதவித்தொகைக்குத் தேர்வாகிவிட்டீர்கள் என்பது போன்ற மோசடிச் செய்திகள் மாணவர்களைக் குறிவைத்தே அனுப்பப்படுகின்றன. கையில் பணம் உள்ள மாணவர் அந்தச் செய்தியைப் படிக்காமலே அழித்துவிடுவார். அதற்குக் காரணம் விழிப்புணர்வு அன்று, அவருக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அடுத்த பருவக் கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் இருப்பவர் அதே செய்தியை முழுதும் படிப்பார், நம்ப விரும்புவார். இருவரையும் ஒரே அளவுகோலால் அளந்து, இரண்டாமவருக்கு விழிப்புணர்வு குறைவு என்று எழுதுவது நியாயமாகாது.

நல்லெண்ணமும் ஆபத்தாக முடியும். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெயின் வளாகத்தில் 297 யுஎஸ்பி நினைவகங்களை ஆங்காங்கே போட்டுவிட்டுச் செய்த சோதனையின் முடிவு 2016இல் வெளிவந்தது. குறைந்தது 45 விழுக்காடு நினைவகங்களில் இருந்த கோப்புகளை யாரோ திறந்து பார்த்திருந்தார்கள். முதலாவது ஆறு நிமிடத்துக்குள்ளேயே கணினியில் செருகப்பட்டுவிட்டது. காரணம் கேட்டபோது பதில் சொன்னவர்களில் பெரும்பான்மையோர், உரியவரைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கவே திறந்ததாகச் சொன்னார்கள். முகவரிச் சீட்டு கட்டியிருந்த நினைவகங்கள் மற்றவற்றைவிடக் குறைவாகவே திறக்கப்பட்டன என்பதும் அந்த நோக்கத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் உரியவரைத் தேடுவதாகச் சொன்னவர்களிலும் பலர், தன்விவரக் குறிப்பு என்ற கோப்பு இருந்தும் முதலில் விடுமுறைப் படங்களைத்தான் திறந்திருந்தார்கள். உதவும் எண்ணமும் ஆவலும் ஒரே ஆளிடம் ஒரே நிமிடத்தில் செயல்படுகின்றன. இதை எந்தக் கட்டத்தில் குறிப்பீர்கள் என்று யோசியுங்கள்.

கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவர்:

வணக்கம். நான் வேறு கருத்து சொல்ல விரும்புகிறேன். துறையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். வலையமைப்பு, குறியாக்கம் ஆகியவற்றைப் பாடமாகப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் வேறுபாடு இல்லாமல் போகுமா? ஒரு இணைய முகவரியில் எந்தப் பகுதி உண்மையான தளப்பெயர் என்று தெரிந்திருந்தால், முன்னால் பல்கலைக்கழகத்தின் பெயரை ஒட்டவைத்து ஏமாற்றும் முகவரிகள் உடனே கண்ணில் படும். அது மனப்பான்மை அன்று, கற்றுக்கொண்ட திறமை.

என் வகுப்பு நண்பர்கள் பலர் விதிகளைத் தெரிந்தும் பின்பற்றுவதில்லை என்பது உண்மை. ஆனால் அதை அசட்டை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குறித்த நாளுக்கொரு முறை கடவுச்சொல்லை மாற்று என்று சொன்னால், மக்கள் பழையதன் கடைசியில் ஓர் எண்ணைக் கூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அமெரிக்காவில் தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் நிஸ்ட் நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, கசிந்ததற்கான அறிகுறி இல்லாதபோது காலமுறைப்படி மாற்றக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று கூறிவிட்டது. பயனற்ற அறிவுரையைப் பின்பற்றாதவரை விழிப்புணர்வு அற்றவர் என்று உங்கள் வினாப்பட்டியல் கணக்கிட்டால், பிழை வினாப்பட்டியலில்தான் இருக்கிறது.

புள்ளியியல் ஆசிரியர்:

கடைசிக் கருத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது மிகவும் முக்கியமானது. பழைய வினாப்பட்டியல்களை எடுத்தாளும்போது ஒவ்வொரு கூற்றுக்கும் "சரியான விடை" இன்றும் சரிதானா என்று பாதுகாப்பு அறிந்த ஒருவரிடம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால், காலாவதியான அறிவுரையை மனப்பாடம் செய்தவர்களை நீங்கள் விழிப்புணர்வு மிக்கவர்கள் என்று அறிவிக்க நேரும்.

அடுத்து பாலினம், வயது. இவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புகள் ஏன் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் நெறியாளருக்குப் பதில் சொல்லிவிடலாம். 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 1001 பேரிடம் கற்பனைச் சூழலில் போலிகள் கலந்த மின்னஞ்சல்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெண்கள் ஆண்களைவிட அதிகமாகவும், 18 முதல் 25 வயதுக்கு உட்பட்டவர்கள் பிற வயதினரைவிட அதிகமாகவும் ஏமாந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 515 பேருக்கு உண்மையான அஞ்சல் பெட்டிகளுக்கே பயிற்சிக்கான போலி மின்னஞ்சல்களை அனுப்பிச் செய்த ஆய்வில், அதே இளம் வயதினர் அதிகம் ஏமாந்தது தெரிந்தது. ஆனால் ஆண், பெண் வேறுபாடு தென்படவில்லை. முரண்பாடு போலத் தோன்றினாலும், முதல் ஆய்வின் ஆசிரியர்களே விளக்கத்தையும் தந்திருக்கிறார்கள். பாலின வேறுபாட்டின் கணிசமான பகுதி, தொழில்நுட்ப அறிவும் பயிற்சியும் கிடைத்த அளவில் இருந்த வேறுபாட்டின் வழியாக வருகிறது. இளம் வயதின் தாக்கமும் அவ்வாறே கல்வி, இணைய அனுபவம், பயிற்சி, அபாயத்தைத் தவிர்க்கும் மனநிலை ஆகியவற்றின் வழியாக வருகிறது.

ஆகவே பாலினம் என்னும் பெயர்ப்பலகைக்குப் பின்னால் "யாருக்குக் கற்கும் வாய்ப்பு கிடைத்தது" என்ற கேள்வி நிற்கிறது. அந்த வாய்ப்பை நேரடியாகவே கேட்டுவிடுங்கள். பாலினத்தைக் கட்டுப்பாட்டு மாறியாக, அதாவது அதன் தாக்கத்தைக் கழித்துப் பார்ப்பதற்காக மட்டும் வைத்துக்கொண்டு, அறிவு, பயிற்சி போன்ற இடைநிலை மாறிகளைச் சேர்த்த பிறகும் அதன் தாக்கம் எஞ்சுகிறதா என்று பாருங்கள். துறையும் அப்படித்தான். கணினி அறிவியல் மாணவர் சொன்னது சரி; ஆனால் அவர் விவரித்தது துறையை அன்று, இணைய முகவரியைப் படிக்கும் திறமையை. அந்தத் திறமையைச் சோதிக்க நான்கைந்து முகவரிகளைக் கொடுத்து, எது உண்மையானது என்று கேட்டாலே போதும். இலக்கியம் படிக்கும் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கலாம்.

வயதை விட்டுவிடலாம். உங்கள் ஆய்வில் பங்கேற்பவர்களில் பெரும்பாலோர் மூன்று நான்கு ஆண்டு இடைவெளிக்குள் இருப்பார்கள். அவ்வளவு குறுகிய வீச்சில் வயதின் தாக்கம் இருந்தாலும் தெரியாது. தெரிந்தாலும் அது வயதா, பயிலும் ஆண்டா என்று பிரிக்க முடியாது.

கடைசியாக, நான் மிகவும் கவலைப்படுவது தன்னறிக்கையைப் பற்றி, அதாவது ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் பதிலைப் பற்றி. இந்தியானா பல்கலைக்கழகத்தில் 2005இல் நடந்த சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சமூக வலைத்தளங்களில் பொதுவெளியில் கிடைத்த நட்புத் தொடர்புகளைத் திரட்டி, நண்பரிடமிருந்து வந்தது போன்ற மின்னஞ்சல்களை மாணவர்களுக்கு அனுப்பினார்கள். அதை நம்பிப் பல்கலைக்கழகக் கடவுச்சொல்லை உள்ளிட்டவர்கள் 72 விழுக்காடு. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, ஆனால் முன்பின் அறியாத ஒருவரின் பெயரில் அனுப்பியபோது 16 விழுக்காடு மட்டுமே. சோதனை முடிந்ததும் மாணவர்கள் பெயரின்றிக் கருத்து எழுத ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார்கள். நிறையப் பேர் எழுதினார்கள், சிலர் கடுங்கோபத்தோடு. ஆனால் "நான் ஏமாந்தேன்" என்று ஒருவர்கூட எழுதவில்லை. பெயர் தெரியாத இடத்திலேயே ஒப்புக்கொள்ளாததை, உங்கள் வினாப்பட்டியலில் ஐந்து கட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒப்புக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

முதுகலை ஆய்வு மாணவி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வயதை நீக்கிவிட்டேன், துறைக்குப் பதிலாக முகவரி அறியும் சோதனையைச் சேர்க்கிறேன்.

இன்னும் ஓர் ஐயம். ஏற்கெனவே ஒருமுறை பாதிக்கப்பட்டவர், அதாவது கணக்கு பறிபோனவர் அல்லது பணம் இழந்தவர், அதன்பின் அதிக விழிப்போடு இருப்பார் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. நான் முன்னோட்டமாகப் பேசிப் பார்த்த மாணவர்களில் சிலர் அதற்கு நேர்மாறாக இருந்தார்கள். "என் விவரமெல்லாம் எப்போதோ கசிந்துவிட்டது, இனிமேல் காத்து என்ன பயன்?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "என்னிடம் என்ன இருக்கிறது, என் கணக்கை யார் திருடப் போகிறார்கள்?" என்றார். இந்த இரண்டு மனநிலைகளையும் எந்தக் காரணியின்கீழ் கொண்டுவருவது?

உளவியல் ஆய்வாளர்:

இரண்டும் வெவ்வேறு. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

பாதுகாப்பு ஊக்கக் கோட்பாடு என்று ஒன்று உண்டு. 1975இல் ரோஜர்ஸ் என்பவர் உடல்நலம் சார்ந்த எச்சரிக்கைகளுக்காக முன்வைத்தது, பின்னாளில் தகவல் பாதுகாப்பு ஆய்வுகளில் பரவலாக எடுத்தாளப்பட்டது. அதன்படி ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ள முனைவது இரண்டு மதிப்பீடுகளைச் சார்ந்தது. ஆபத்து எவ்வளவு பெரியது, அது எனக்கு நேருமா என்பது ஒன்று. நான் செய்யக்கூடியது பயன் தருமா, அதைச் செய்ய என்னால் முடியுமா என்பது மற்றொன்று. உங்கள் முதல் மாணவருக்கு முதல் மதிப்பீட்டில் குறையில்லை. ஆபத்து தமக்கு நேரும் என்று மட்டுமன்று, நேர்ந்தே விட்டது என்று நம்புகிறார். அவரிடம் இல்லாதது இரண்டாவது. இப்படிப்பட்டவரிடம் மேலும் மேலும் அச்சமூட்டும் செய்திகளைச் சொன்னால் அவர் இன்னும் கைவிடுவார். கசிந்த கடவுச்சொல்லை மாற்றி, இருபடிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டால் பழைய கசிவு பெரும்பாலும் பயனற்றதாகிவிடும் என்பதை அவருடைய கைபேசியிலேயே அவரைக்கொண்டு செய்ய வைத்துக் காட்ட வேண்டும். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, செய்து பார்த்த அனுபவத்திலிருந்துதான் உறுதியாகப் பிறக்கிறது.

இரண்டாம் மாணவரின் சிக்கல் முதல் மதிப்பீட்டில் இருக்கிறது. 1980இல் வைன்ஸ்டைன் 250க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம், வாழ்க்கையில் நேரக்கூடிய நன்மை தீமைகள் தங்களுக்கு நேர எவ்வளவு வாய்ப்பு, சக மாணவர்களுக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னார். நல்லவை தங்களுக்குச் சராசரியைவிட அதிகமாகவும் தீயவை குறைவாகவும் நேரும் என்றே பொதுவாகப் பதில்கள் வந்தன. அதே முறையை நீங்களும் கையாளலாம். "அடுத்த ஓராண்டில் உங்கள் கணக்கு பறிபோக எவ்வளவு வாய்ப்பு?" என்று ஓர் இடத்திலும், "உங்கள் வகுப்பில் படிக்கும் இன்னொருவருக்கு எவ்வளவு வாய்ப்பு?" என்று வேறோர் இடத்திலும் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே உங்களுக்கு வேண்டிய அளவு.

அவருடைய "யார் திருடப் போகிறார்கள்" என்பதற்குள் தாக்குபவர் யார் என்பதைப் பற்றிய ஒரு கற்பனையும் இருக்கிறது. வீட்டுக் கணினிப் பயனர்களிடம் நேர்காணல் நடத்தி 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மக்கள் மனத்தில் தாக்குபவரைப் பற்றிப் பலவிதமான சித்திரங்கள் இருப்பதைக் காட்டியது. பெரும்புள்ளிகளை மட்டுமே குறிவைப்பவன் என்ற சித்திரம் அவற்றில் ஒன்று. அந்தச் சித்திரத்தை நம்புபவர் தம்மைக் காத்துக்கொள்ளாமல் இருப்பது, அவருடைய கணக்குப்படி முற்றிலும் பகுத்தறிவுக்கு உட்பட்டதே. ஒரு மாணவரின் கணக்கிலிருந்து அவருடைய நண்பர்கள் அனைவருக்கும் நம்பத்தக்க மின்னஞ்சல் அனுப்ப முடியும் என்பதே அந்தக் கணக்கின் விலை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. புள்ளியியல் ஆசிரியர் குறிப்பிட்ட 72 விழுக்காடும் 16 விழுக்காடும் இதற்கு வலுவான சான்று.

முதலாண்டு வரலாற்று மாணவி:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இத்தகைய வினாப்பட்டியல்களை நிரப்பும் பக்கத்தில் இருப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

"நான் வலுவான கடவுச்சொல்லைப் பயன்படுத்துகிறேன்" என்ற கூற்றுக்கு எல்லோரும் ஆம் என்றுதான் குறிப்போம். வலுவானது எது என்று எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை. அதற்குப் பதிலாக, "உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல் வேறு எத்தனை தளங்களுக்கும் பொருந்தும்?" என்று கேட்டால் உண்மையான எண்ணைச் சொல்லிவிடுவேன், ஏனென்றால் அதில் நல்லவள் கெட்டவள் என்ற தொனி இல்லை.

இன்னொரு காரணியை யாரும் குறிப்பிடவில்லை. எங்கள் குடும்பத்தில் பெற்றோர், தாத்தா பாட்டி எல்லோருடைய கைபேசிகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வங்கிச் செயலியை நிறுவித் தந்ததும், ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் நான்தான். அவர்களுடைய பணத்துக்கு நான் பொறுப்பு என்ற உணர்வு வந்த பிறகே என் சொந்தக் கணக்குகளையும் ஒழுங்குபடுத்தினேன். எந்தப் பாடமும் எந்தச் சுற்றறிக்கையும் என்னை அப்படி மாற்றவில்லை. பிறருக்காகக் கருவிகளைப் பராமரிக்கும் பொறுப்பு உங்களுக்கு இருக்கிறதா என்று ஒரு கேள்வி சேர்த்துப் பாருங்கள்.

உதவி மையப் பணியாளர்:

அந்த மாணவி சொன்னதை நான் முழு மனத்தோடு ஆமோதிக்கிறேன். எங்கள் மேசைக்கு வந்து, எதுவும் நடப்பதற்கு முன்பே "இது உண்மையா என்று பாருங்கள்" என்று மின்னஞ்சலைக் காட்டுபவர்களில், வீட்டில் பிறருக்கு வழிகாட்டுபவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

இதை ஒட்டி, தெரிவித்தல் என்ற பகுதியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று ஆய்வு மாணவியைக் கேட்டுக்கொள்கிறேன். ஏமாறாத மனிதர் இல்லை. ஏமாந்தபின் எவ்வளவு விரைவில் சொல்கிறார் என்பதில்தான் மற்ற மாணவர்களின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. பத்து நிமிடத்தில் சொன்னால் அந்தப் போலித் தளத்தை வலையமைப்பில் தடுத்து, அதே மின்னஞ்சலைப் பிற பெட்டிகளிலிருந்தும் நீக்கிவிட முடியும். மூன்று நாள் கழித்துச் சொன்னால் அதற்குள் அந்தக் கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்கள் போயிருக்கும். தாமதமாக வருபவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் வெட்கம். கணினித் துறை மாணவர்களிடம் அது இன்னும் கூடுதலாகத் தெரிகிறது, தெரிந்திருக்க வேண்டியவர்கள் என்ற எண்ணம் அவர்களை அழுத்துகிறது. வெட்கத்தை அளக்க வழியிருந்தால் அளந்து பாருங்கள். இந்தக் காரணிதான் பல்கலைக்கழகத்தின் கையில் நேரடியாக இருப்பது, ஏனென்றால் ஏமாந்து வருபவரிடம் நாங்கள் எப்படிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தே அது கூடும் அல்லது குறையும்.

முதுகலை ஆய்வு மாணவி:

இதுவரை வந்த கருத்துகளைக் கொண்டு என் திட்டத்தைத் திருத்தியிருக்கிறேன். பொறுப்புணர்வு, கணினி சார்ந்த அபாய நாட்டம், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, தனக்கும் பிறருக்கும் உள்ள வாய்ப்பை ஒப்பிடும் இரட்டைக் கேள்வி, முந்தைய பாதிப்பும் அதன் பின்விளைவும், பிறருக்காகக் கருவிகளைப் பராமரிக்கும் பொறுப்பு ஆகியவை முதன்மைக் காரணிகள். பாலினமும் கிடைத்த பயிற்சியும் கட்டுப்பாட்டு மாறிகள். பண நெருக்கடியைப் பெயர் கேட்காமல், விரும்பினால் மட்டும் பதில் சொல்லும்படி வைக்கிறேன். ஏமாந்ததை வெளியே சொல்லத் தயக்கம் உண்டா என்பதைத் தெரிவித்தல் பகுதியோடு சேர்க்கிறேன்.

நடத்தையை அளக்க மாணவர்களின் சொந்த அஞ்சல் பெட்டிகளுக்குப் போலி மின்னஞ்சல் அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஒப்புதல் பெறாமல் செய்தால் மாணவர்களின் நம்பிக்கை கெடும். ஒப்புதல் பெற்றுச் செய்தால் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். அதற்குப் பதிலாக இருபது மின்னஞ்சல்கள் கொண்ட ஒரு மாதிரி அஞ்சல் பெட்டியைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் என்ன செய்வீர்கள் என்று கேட்கப்போகிறேன். பாதிப் பேருக்கு நேர வரம்பு இருக்கும், மீதிப் பேருக்கு இருக்காது. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் அமையும். அவசரத்தில் பொறுப்புணர்வு கைகொடுக்கிறதா என்பதை இதில் பார்க்கலாம் என்று நம்புகிறேன். இதில் குறை ஏதும் தெரிகிறதா?

புள்ளியியல் ஆசிரியர்:

நல்ல திட்டம். நேர அழுத்தத்தையும் பண்பையும் ஒரே ஆய்வில் சந்திக்க வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உளவியல் ஆய்வாளரும் உதவி மையப் பணியாளரும் முன்வைத்த இரண்டு பார்வைகளுக்கும் அதில் இடம் இருக்கிறது.

இரண்டு திருத்தங்கள் சொல்கிறேன். அஞ்சல் பெட்டிச் சோதனையை முதலில் வையுங்கள், வினாப்பட்டியலைப் பின்னால் தள்ளுங்கள். கடவுச்சொல், போலி மின்னஞ்சல் என்று அறுபது கூற்றுகளைப் படித்து முடித்தவர், அடுத்து வரும் எந்த மின்னஞ்சலையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அது அவருடைய அன்றாட நிலையாக இருக்காது. சோதனையின் அறிமுகத்திலும் பாதுகாப்பு என்ற சொல் வேண்டாம். மாணவர்கள் மின்னஞ்சல்களை எப்படிக் கையாளுகிறார்கள் என்ற ஆய்வு என்று சொல்லிவிட்டு, முடிந்ததும் முழு நோக்கத்தையும் விளக்கி, அவர்களுடைய பதிலைத் திரும்பப் பெறும் உரிமையையும் கொடுங்கள். இதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுவிடுங்கள்.

மற்றொன்று, எந்தக் காரணி எந்தப் பகுதியின் மதிப்பெண்ணைப் பாதிக்கும் என்ற உங்கள் எதிர்பார்ப்புகளைத் தரவு திரட்டும் முன்பே தேதியிட்டு எழுதி நெறியாளரிடம் கொடுத்துவிடுங்கள். ஆறு காரணிகளை ஏழு பகுதிகளோடு பொருத்திப் பார்த்தால் 42 சோதனைகள் ஆகின்றன. உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் ஐந்து விழுக்காட்டு வரம்பில், அதாவது நூற்றுக்கு ஐந்து தற்செயலாகத் தேறலாம் என்று ஏற்கும் வழக்கமான வரம்பில், சுமார் இரண்டு தற்செயலாகவே தேறிவிடும். எவை முன்பே எதிர்பார்த்தவை, எவை தரவைப் பார்த்தபின் கண்ணில் பட்டவை என்று பிரித்து எழுதினால், அந்த இரண்டைப் பெரிய கண்டுபிடிப்பாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.